பதினோரு வயதுக் குஞ்சுகள்

தகரத் தட்டுகள் திடீரென்று தெரு முழுக்க அதிர்ந்தன. பருந்து! எட்டு மாடிகளில் எட்டுப் பெண்கள் கரண்டியால் தட்டை அடித்துக் கூச்சல் போட்டார்கள். பயனில்லை. தவ்ஹீதாவின் மொட்டைமாடியிலிருந்து ஒரு கோழிக்குஞ்சைக் கவ்விக்கொண்டு அது நைல் நதியைத் தாண்டிப் போய்விட்டது. போன குஞ்சு மஞ்சள் நிறம், உள்ளங்கையில் அடங்கும், வயது பதினொன்று.

நாற்பது குஞ்சுகளில் இப்போது ஒன்பதுதான் மிச்சம். தவ்ஹீதா அவற்றைப் பாவாடைக்குள் வாரிச் சேர்த்துக்கொண்டு, வைக்கோல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவளுடைய கணவன் பயூமி அந்தக் குஞ்சுகளை வாங்கிக் கொடுத்தது எழுபத்தெட்டாம் வருடம், குளிர் விட்ட சமயத்தில். துமியாத் பக்கத்துக் கடலோர ஊர்களில் ஆண்கள் கப்பலேறுவார்கள், பெண்கள் மாடியில் கோழி வளர்ப்பார்கள். பயூமிக்குச் சரக்குக் கப்பலில் சமையல் வேலை கிடைத்திருந்தது. கல்யாணமாகி ஏழே மாதம். தவ்ஹீதா வாசலில் குறுக்கே நின்று, போகக் கூடாது என்று அழுதாள். குஞ்சு வியாபாரி அந்த நேரம் பார்த்துக் கூடையை இறக்கி வைத்திருந்தான். அந்த ஊர் ஆண்கள் தர்பூசணி உள்ளே சிவப்பாக இருக்கும் என்பதற்கே இல்லையென்றால் மனைவிக்குத் தலாக் என்று சத்தியம் செய்கிறவர்கள். பயூமியும் செய்தான்.

"இந்தக் குஞ்சுங்க முட்டை போடுறதுக்குள்ள நான் வந்து சேரலேன்னா நீ எனக்குத் தலாக். போதுமா? இப்ப வழிய விடு."

வியாபாரி அதைக் காதால் கேட்டான். பயூமியின் தங்கை இன்ஷிராவும் கேட்டாள். பயணம் நான்கு மாதம், குஞ்சு வளர்ந்து முட்டையிட ஆறு மாதம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

நான்கு மாதம் போனது. பயூமி வரவில்லை. ஜித்தாவிலிருந்து ஒரு கேசட் வந்தது, பிறகு ஏடனிலிருந்து ஒன்று. வெங்காய விலை, கேப்டனின் வயிற்றுக்கோளாறு, அலை, எல்லாவற்றையும் அதில் பேசியிருந்தான். ஆறாம் மாதம் தவ்ஹீதா மாடியேறிப் பார்த்தாள். குஞ்சுகள் வாங்கியபோது இருந்தபடியே இருந்தன. ஒரு இறகுகூட முளைக்கவில்லை. சோளக்குருணையும் ஊறவைத்த ரொட்டியும் மூட்டைக் கணக்கில் தின்றன. எங்கே போனதென்று தெரியவில்லை.

கால்நடை வைத்தியர் வருடாவருடம் வந்து பார்த்தார். "வயது பத்து நாள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வியாபாரியோ, எல்லாம் பெட்டைதான் என்பதற்கு மட்டுமே தான் பொறுப்பு என்று சொல்லிவிட்டான். நான்காம் வருடத்தோடு ஊரும் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டது. பேசுவதற்குப் பாலத்து வேலை இருந்தது, உப்பேறிய வயல் இருந்தது. குஞ்சுகளின் நடையில் மட்டும் கொஞ்சம் தளர்ச்சி தெரிந்தது.

பள்ளிவாசல் ஷேக் திஸூகியிடம் தவ்ஹீதா மூன்று முறை போனாள்.

"முட்டை போடாத வரைக்கும் நீ அவன் பொண்டாட்டி. போட்டுட்டா இல்ல. குஞ்சு ஏன் வளரலேன்னு என்னக் கேக்காதேம்மா, அது நான் படிச்ச பாடத்துல இல்ல."

அதனால் தினமும் விடிந்ததும் அவள் வைக்கோலுக்குள் கைவிட்டுத் துழாவுவாள். விரலில் எதுவும் தட்டாவிட்டால் அன்றைக்கு ஒரு நாள் அவள் மனைவி. இரண்டாம் வருடம் ஒருநாள் உருண்டையாக ஏதோ தட்டியது. அலறிக்கொண்டு அங்கேயே சாய்ந்துவிட்டாள். இன்ஷிரா ஓடிவந்து எடுத்துப் பார்த்தாள்.

"புறா முட்டை மதினி! எந்திரிங்க. புறாவுக்கெல்லாம் சேர்த்தா எங்கண்ணன் சத்தியம் பண்ணுச்சு?" என்று சொல்லிவிட்டு, முட்டையை உடைத்து அவள் வாயிலேயே ஊற்றினாள்.

இன்ஷிரா கீழ்வீட்டில் இருந்தாள். நாக்கில் ஊசி வைத்திருந்தாலும் தினமும் அவள் கையால் ஒரு தட்டு அவித்த அவரைக்கொட்டை மாடியேறி வரும். தலாக் ஆகிவிட்டால் தவ்ஹீதா மன்சூராவில் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே அண்ணி ஐந்து பிள்ளைகளோடு ஒரே அறையில் படுத்திருந்தாள். ஆனால் தவ்ஹீதா பயந்தது அந்த அறைக்கு இல்லை. ஏழு மாதம் வாழ்ந்த மனிதனை அவளுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

பம்பாயிலிருந்து ஒரு கேசட், பிறகு மொம்பாசாவிலிருந்து ஒன்று. மொம்பாசாவில் கப்பலின் எஞ்சின் செத்துவிட்டது, பாஸ்போர்ட்டுகளைக் கேப்டன் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டான் என்று பயூமியின் குரல் சொன்னது. கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டது: "குஞ்சுங்க எப்படி இருக்கு? ரெண்டு வருஷமாச்சே. இன்னுமா முட்டை போடல? என் மேல கோவத்துல மறைக்காதே."

தவ்ஹீதா பதில் பேசும்போதெல்லாம் இன்ஷிராதான் ரெக்கார்டரின் பொத்தானை அழுத்துவாள்.

"வளரவே இல்லேன்னு உள்ளதச் சொல்லிடுங்க மதினி."

"சொன்னா, அவசரமில்லேன்னு அடுத்த கப்பலும் ஏறிடுவாரு. உங்கண்ணன உனக்குத் தெரியாதா? நீ அழுத்து."

அதனால் அவள் பொய்யைப் பேசினாள். தீனி சரியில்லை, அதனால் தாமதமாக வளர்கின்றன என்றாள். அடுத்த கேசட்டில் இறகு வந்துவிட்டது என்றாள். அதற்கடுத்ததில் கொண்டை சிவந்துவிட்டது என்றாள். மூன்றாம் வருடம், ரமலான் மாதத்தில், அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "ஒரு கோழி முட்டை போட இடம் தேடிக்கிட்டே திரியுதுங்க. இன்னிக்கோ நாளைக்கோ போட்டுடும். எப்படியாவது வந்துடுங்க."

அதற்குப் பிறகு அவனிடமிருந்து எதுவும் வரவில்லை. எட்டு வருடம். துறைமுகத்துக்கு வந்த மாலுமிகளிடமெல்லாம் அவள் கேட்டாள். செத்திருப்பான் என்று சிலர் சொன்னார்கள். செத்தவனுடைய சத்தியம் எதற்காகக் குஞ்சுகளைப் பிடித்து வைத்திருக்கும் என்று அவள் திருப்பிக் கேட்டாள். தலை நரைத்தது. பிள்ளை பெறும் வயது கடந்துகொண்டிருந்தது. குஞ்சுகள் ஒவ்வொன்றாகப் பூனைக்கும் பருந்துக்கும் போயின. மீந்தவற்றை அவள் படுக்கையில் வைத்துக்கொண்டு, நசுங்கிவிடுமே என்று தூங்காமல் கிடந்தாள்.

முப்பத்தொன்றாவது குஞ்சைப் பருந்து தூக்கிய அந்த மத்தியானம், தெருப் பெண்கள் தட்டைக் கீழே வைப்பதற்குள் மினிபஸ் ஒன்று வந்து நின்றது. பையோடு இறங்கிய மனிதன் ஒல்லியாக, தாடியெல்லாம் வெளுத்து இருந்தான். நேராக வீட்டு வாசலுக்கு வந்தான். ஆனால் உள்ளே நுழையவில்லை. மாடிப்படிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "யா சாத்திர்!" என்று குரல் கொடுத்தான். அந்நிய ஆண்கள் பெண்கள் இருக்கும் வீட்டுக்குள் வருமுன், முக்காடு போட்டுக்கொள்ளட்டும் என்று கொடுக்கும் குரல் அது.

இன்ஷிரா எட்டிப் பார்த்தாள். கையிலிருந்த தட்டு விழுந்து உருண்டது.

"அண்ணே! அட பயூமி அண்ணே! உயிரோடயா இருக்கே! உன் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு யாருக்குச் சத்தம் குடுக்குறே? கப்பல் புகையில மூளை கருகிடுச்சா?"

அவன் திரும்பவில்லை. "உன்னப் பாத்துட்டுப் போகத்தான் வந்தேன், இன்ஷிரா. அவ யாரக் கட்டிக்கிட்டா? நல்லா இருக்காளா? அத மட்டும் சொல்லு, போயிடுறேன்."

"யாரக் கட்டிக்கிட்டாளா?" இன்ஷிரா தலையில் அடித்துக்கொண்டாள். மாடியைப் பார்த்து, "மதினி... மதினி..." என்று மட்டும் கத்தினாள்.

தவ்ஹீதா படியிறங்கி வந்தாள். பாவாடை நுனியை ஒட்டிக்கொண்டு ஒன்பது குஞ்சும் ஒவ்வொரு படியாகக் குதித்து வந்தன. காலடிச் சத்தம் கேட்டு பயூமி திரும்பினான். பிறன் மனைவியின் முகத்தைப் பார்க்கலாகாது என்று கண்ணைத் தரையில் நட்டான். அதனால் அவன் முதலில் பார்த்தது குஞ்சுகளைத்தான். மஞ்சளாக, உள்ளங்கை அளவில், அன்று கூடையிலிருந்து அவன் எண்ணி எடுத்த அதே குஞ்சுகள். ஒன்று அவன் செருப்பைக் கொத்திப் பார்த்தது. அவன் அதிசயப்படவில்லை. இவை எப்படி என்று கேட்கவும் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியில் உட்கார்ந்து, பதினோரு வருடத்துக்குப் பிறகு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"உன் கடைசிக் கேசட் என் கைக்கு வர நாப்பது நாளாச்சு, தவ்ஹீதா. அதுக்குள்ள முட்டை போட்டிருக்கும், நீ எனக்கு இல்லேன்னு நெனச்சு, ஊருக்குக் கிளம்புன கப்பல்லேர்ந்து நானேதான் இறங்கிட்டேன்."