இறக்கி வைக்கும் இடம்

காலையில் சாத்திய கதவு இப்போது சாத்த மறுத்தது. ஜெயந்தினி தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தாள். அடுப்புப் புகை படிந்த குசினிக் கதவு கீழே இறுகிப் பிடித்துக்கொண்டு, மேலே விரல் நுழையும் அளவுக்கு வாயைத் திறந்துகொண்டு நின்றது. மழையில் பலகை ஊதியிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பிறகுதான் கதவு நிலையைப் பார்த்தாள். நிலை சாய்ந்திருந்தது.

முன் காம்பராவில் அம்மா பெட்டிக்குள் படுத்திருந்தாள். பேர் சிவசக்தி. கொழுந்து பறித்த கையோடு லயம் லயமாக, வரிசை வீடுகளின் வாசல்களில் ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டு, பிரதேச சபைக்கு உறுப்பினராகப் போனவள். முந்தாநாள் சபைக் கூட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவளை, பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டியில்தான் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பெட்டி வந்து சேர்ந்த பின்னால் பாதையில் மண் விழுந்து வழி அடைபட்டுவிட்டது. கொழும்பிலிருந்து கிளம்பிய தம்பி ரமேஸ் பண்டாரவளையில் மாட்டிக்கொண்டு நிற்கிறான். மகன் முகம் பார்க்காமல் பெட்டியை எடுப்பதில்லை என்று பெரியப்பா வீரய்யா ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார்.

பெட்டி போகாமல் சாவு வீட்டை விட்டு யாரும் போகமாட்டார்கள். அது இந்தத் தோட்டத்து வழக்கம். கீழ் லயம், பணிய லயம், ரோட்டோர லயம் எல்லாம் காலி. எல்லோரும் இங்கே, மலையைக் குடைந்து கட்டிய இந்த மேட்டு லயத்து இஸ்தோப்புத் திண்ணையிலும் முற்றத்துத் தகரக் கொட்டகையிலும் பிள்ளைகுட்டிகளோடு அடைந்து கிடந்தார்கள். தப்பு மேளம் அடிக்கிறவர்கள் லயத்தை ஒட்டி வெட்டிய மண் திட்டில் சாய்ந்து நின்று அடித்துக்கொண்டிருந்தார்கள். ஜெயந்தினி அந்தத் திட்டையே திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

மண் சரியப் போவதற்கு அடையாளம் என்று அம்மா படித்துப் படித்துச் சொன்னது. "கதவு திடீர்னு இறுகினா, பீலித் தண்ணி கலங்குனா, யார்கிட்டயும் கேட்டுக்கிட்டு நிக்காத புள்ள. நடந்துரு."

கொட்டும் மழையில் ஜெயந்தினி பின்பக்கம் ஓடினாள். எவ்வளவு மழை பெய்தாலும் மலை ஊற்றிலிருந்து கண்ணாடி மாதிரி விழுகிற பீலித் தண்ணீர், இன்று பால் விடாத பிளேன்டீ நிறத்தில் விழுந்தது. கையில் ஏந்தினாள். உள்ளங்கையில் மண் தங்கியது. "ஐயோ, அம்மா!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

அவள் திரும்பி வந்தபோது கிராம சேவகரின் போன் வந்திருந்தது. பெரியப்பாதான் எடுத்துப் பேசியிருந்தார்.

"என்னவாம் பெரியப்பா?"

"வேறென்ன, சிவப்பு எச்சரிக்கையாம். எல்லாரும் வெளியேறணுமாம். மழை பேஞ்சா அவனுக்கு இதே பாட்டுத்தான். சாவு வீட்டப் போட்டுட்டு எங்க போறது?"

"பீலி கலங்கிருச்சு. குசினி நெல சாஞ்சிருச்சு. வந்து பாருங்க."

"மழைக்குக் கலங்காம?" என்றார். ஆனால் அவர் குரல் இறங்கிவிட்டது. அவரும் பயந்துதான் போயிருக்கிறார் என்பது தெரிந்ததும் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

போவதற்கு இடம் இல்லாமல் இல்லை. இடுகாட்டுக்குப் போகிற வழியில், பாறை மேட்டில், அம்மா சபையில் சண்டை பிடித்துக் கட்டவைத்த பொது மண்டபம், ஹோல் என்பார்கள், இருக்கிறது. பெயின்ட் அடித்து, கரண்ட் கொடுத்து, எல்லாம் முடிந்து, யாரோ பெரிய ஆள் வந்து ரிப்பன் வெட்டவேண்டும் என்று பூட்டிக் கிடந்தது. மழைக்காலம் தொடங்குமுன் மண்சரிவு ஒத்திகை என்று அம்மா வாசல் வாசலாகச் சொல்லிவிட்டு வந்தாள். வரவேண்டிய நேரத்தில் ஒருவரும் வரவில்லை. "மெம்பரம்மாவுக்கு வேற வேல இல்ல" என்று சிரித்தார்கள். அம்மா குடையை விரித்துக்கொண்டு ஏறினாள், பின்னாலே ஜெயந்தினி மட்டும். பூட்டிய ஹோலின் புதுப்படி அழுக்காகிவிடும் என்று செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அகலமான படியில் இரண்டு ஜோடிச் செருப்பு. "நாலு பேராவது வருவாங்கன்னு நெனச்சேன்டி" என்றாள் அம்மா. அவ்வளவுதான் சொன்னாள்.

பின்சுவரில் எங்கோ 'டப்'பென்று ஒரு சத்தம். பெட்டியின் தலைமாட்டில் இருந்த விளக்கு ஆடியது. அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்கள். ஆனாலும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. முதலில் எழுந்து போன ஆள் என்ற பேச்சு யாருக்கு வேண்டும்?

ஜெயந்தினி அவர்களைப் பார்த்தாள். பெட்டி இருக்கும்வரை இவர்கள் இருப்பார்கள். பெட்டி போனால் பின்னாலேயே வருவார்கள். கடவுளே, அவ்வளவுதானே!

அவள் போய்ப் பெட்டியின் கால்மாட்டுப் பிடியைப் பற்றினாள்.

"அடியேய்! பொம்பள பொட்டியத் தூக்கக்கூடாது!" பெரியப்பா பதறினார்.

"அப்ப நீங்க தூக்குங்க பெரியப்பா. ஹோலுக்குக் கொண்டு போவோம்."

"பைத்தியமா உனக்கு? தூக்குன பொட்டிய இன்னொரு கூரைக்குக் கீழ வைக்கிறதா? அதுவும் தெறக்காத புதுக் கட்டடத்துல, மொத மொத பொணத்தையா?"

"பாதி வழியில பொட்டிய இறக்கி வச்சு, தெச மாத்தித் தூக்குவோம்ல? நம்ம ஆளுங்க எப்பவும் எங்க இறக்குவாங்க?"

பெரியப்பா மேட்டுப் பக்கம் பார்த்தார். இறக்கி வைக்கும் இடம் அந்தப் பாறை மேடுதான். அவருடைய அப்பாவையும் அங்கேதான் இறக்கினார்கள்.

"இறக்கி வைப்போம். தம்பி வரட்டும். அவன் வந்ததும் தெச மாத்துவோம். இறக்குனா ஒடனே தூக்கணும்னு யாரும் சொல்லலியே?" அவள் இன்னும் பெட்டியின் பிடியை விடவில்லை.

"பூட்டியிருக்கேம்மா" என்றார் அவர், கடைசியாக.

மாலை போட வந்து, பாதை அடைபட்டதால் இங்கேயே மாட்டிக்கொண்ட மொஹிதீன் நானா எழுந்தார். பதுளையில் கடை வைத்திருப்பவர், சபையில் அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலி உறுப்பினர். "பூட்ட ஒடைங்க. சபையில யாரும் கேட்டா நான் பதில் சொல்றேன். சிவசக்தி தங்கச்சி கட்டுன ஹோல், அவவுக்கில்லாம யாருக்கு?"

பெரியப்பா துண்டை எடுத்துத் தலையில் கட்டினார். "தூக்குங்கடா" என்றார்.

பெட்டி வாசலைத் தாண்டியதும் கொட்டகை மொத்தமும் எழுந்தது. கைக்குழந்தைகள், கிழவர்கள், சாப்பாட்டுச் சட்டியோடு நின்ற பெண்கள் எல்லோரும் பெட்டிக்குப் பின்னால் நடந்தார்கள். வழக்கப்படி பெண்கள் முச்சந்தியோடு நின்றுவிட வேண்டும். நிற்கப் போனவர்களை ஜெயந்தினி முதுகில் கைவைத்துத் தள்ளினாள். "இன்னிக்கி நிக்காதீங்க அத்த, நடங்க, நடங்க." தேயிலை நிரைகளுக்கு நடுவே படிக்கட்டில் தண்ணீர் பாய்ந்தது. முன்னால் தப்பு ஒலித்தது. அவள் திரும்பித் திரும்பி லயத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அது அங்கேயே இருந்தது. ஒருவேளை ஒன்றும் நடக்காதோ, அம்மாவை வீணாக மழையில் இழுத்துக்கொண்டு வந்துவிட்டேனோ என்று நினைத்து அதற்கும் பயந்தாள்.

மொஹிதீன் நானா கல்லால் பூட்டை உடைத்தார். பெட்டியை ஹோலின் நடுவில் இறக்கினார்கள். பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. கடைசிப் பிள்ளையும் உள்ளே வந்து, தப்படிக்கிறவர்கள் ஓய்ந்த பிறகுதான் அது கேட்டது. மேட்டு லயத்துப் பக்கம், மலைக்குள்ளே லொறி லொறியாகக் கல்லைக் கொட்டுகிற சத்தம். தரை நடுங்கியது. அது நின்ற பிறகும் யாரும் போய்ப் பார்க்கவில்லை.

பெரியப்பா தலைமாட்டில் விளக்கு வைக்கக் குனிந்தார். தீக்குச்சி பற்றவில்லை. இன்னொன்றை எடுத்தார். அதுவும் உடைந்தது. ஜெயந்தினி தீப்பெட்டியை வாங்கிக் கொளுத்திக் கொடுத்தாள்.

ஹோல் நிறைந்திருந்தது. அவள் வாசலுக்கு வந்தாள். அந்த அவசரத்திலும், புதுக் கட்டடம் என்று எல்லோரும் வெளியிலேயே கழற்றிப் போட்டிருந்தார்கள். சேறு படிந்த செருப்புகள், பிள்ளைகளின் சப்பாத்துகள், வார் அறுந்தவை, ஒன்றின்மேல் ஒன்றாகப் படி முழுக்கக் கிடந்து, கீழே புல்லிலும் மழையில் நனைந்துகொண்டிருந்தன. அவள் உட்கார இடம் தேடினாள். படியில் கால் வைக்கவும் இடமில்லை.