யார் வீட்டுத் தம்பி?

இந்தக் காலத்து ஆட்கள் பாதியைக் கைநாட்டுக்கு முன்னால் சொல்வார்கள். மீதியை நாமே தோண்டி எடுக்க வேண்டும். சுரபாயா ஆஸ்பத்திரியிலும் அதே கதைதான்.

சூளையில் சுண்ணாம்பு தெறித்து என் இடது கண் வெந்துபோய் ஒரு வருஷம். ஒற்றைக் கண்ணனைச் சூளை மேட்டில் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டான் முதலாளி. டாக்டரம்மா ரத்ரி என் நல்ல கண்ணின் ஓரத்தில் கடுகளவு கிள்ளி, ஒரு சவ்வின் மேல் இரண்டு வாரம் வளர்த்தாள். அதை இடது கண்ணில் வைக்க வேண்டிய காலையில்தான் கேட்டேன், அது என்ன சவ்வு என்று.

"நஞ்சுக்கொடிச் சவ்வு, தாத்தா. ஒரு தாய் குடுத்தது."

எழுந்துவிட்டேன். எங்கள் ஊர் வழக்கத்தில் நஞ்சுக்கொடி என்றால் பிள்ளையின் தம்பி. அப்பன் கழுவி, பானையில் வைத்துப் புதைத்து, முப்பத்தைந்து நாள் விளக்கு வைப்பான்.

"எவன் வீட்டுத் தம்பியையோ என் கண்ணுல ஒட்டுவியா? என்கிட்ட கிள்ளினதை மட்டும் வையேன்."

நுண்ணோக்கியில் காட்டினாள். "இது ஒட்ட விடாத கிண்ணத்துல கிடந்த உங்க செல்லு."

ஜவ்வரிசி மாதிரி உருண்டு கிடந்தன. பாதி செத்திருந்தது.

"இது சவ்வு மேல வளந்தது."

கால் பரப்பி, அப்பிக்கொண்டு கிடந்தன.

"ஒவ்வொண்ணுக்குள்ளயும் நூல் நூலா கயிறு இருக்கு. வெளிய பிடிமானம் இருந்தாத்தான் கயிறு இழுத்து நிக்கும். இல்லேன்னா சுருண்டு செத்துடும். இன்னிக்கு வைக்கலேன்னா இதுவும் வீண்."

"சந்தைக் கூடாரம் மாதிரியா?"

"அதேதான். முளையைப் பிடுங்கினா சரிஞ்சுடும்ல?"

"அந்த முளை எவன் வீட்டுதுன்னுதானே கேக்கறேன்."

"சவ்வு மட்டும்தான் எடுத்தாங்க. மிச்சத்தைப் புதைக்க அந்தப் பிள்ளையோட அப்பா வாங்கிட்டுப் போயிட்டாரு."

"நீ பாத்தியா?"

கோப்பைப் புரட்டினாள். "இல்ல. தாள்ல எழுதியிருக்கு."

என் வீட்டுக்காரி லஸ்மிக்குப் பொறுக்கவில்லை. "கண்ணு வேணுமா, வம்பு வேணுமா? ஒரு வருஷமா என் மூஞ்சியப் பாதிதான் பாக்கறீங்க."

"பாதியே தாங்கல."

வெட்டி மிஞ்சுகிற சவ்வுத் துண்டை என்னிடம் தர வேண்டும் என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். சரி என்றாள். அப்புறம்தான் கைநாட்டு வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து டாக்டரம்மா விரல்களை நீட்டினாள். மூன்று. தெரிந்தது.

"நல்லா பிடிச்சுக்கிச்சு, தாத்தா."

"பிடிச்சுக்கிச்சுன்னு நீ சொல்ற. அந்தத் துண்டைப் புதைச்சு முப்பத்தஞ்சு நாளும் நான் விளக்கு வெச்சேன். அந்தப் பிள்ளையோட அப்பன் வெச்சானா?"

"தாள்ல..." என்று ஆரம்பித்தாள்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டேன்.