முதல் வண்டி வெல்லம்

மழை விட்ட மறுநாள் ஆவாரம்பட்டை வாழைப்பழத் தோலைப் போல உரியும். சவுரியம்மாள் வெட்டிய கம்பைக் கல்மேல் வைத்துக் கட்டையால் தட்டினாள். நுனியில் நகத்தைக் கொடுத்து இழுத்ததும் பட்டை சர்ரென்று முழு நீளத்துக்கும் வந்துவிட்டது. குன்றுச் சரிவெல்லாம் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது.

"அடி அமிர்தம், பார்டி! தானா கழண்டு வருது!"

அமிர்தவள்ளி மரக்கிளையில் கட்டியிருந்த குழந்தையின் ஏணையை ஆட்டிவிட்டு வந்தாள். "கத்தாதக்கா. குன்னுக்கு அந்தப் பக்கம் பட்டை உரிக்கிற கும்பல் முந்திக்கினா நம்ம கதி இன்னா?"

கதி தெரிந்ததுதான். முதல் வண்டி கொண்டுவருகிறவர்களுக்கே தோல் பதனிட இந்த வருஷம் வேண்டிய பட்டை வேலை முழுதும் என்று ஆம்பூர்த் தோல் கிடங்கு மேஸ்திரி சத்தார் சொல்லியிருந்தார். தவறினால் தேயிலைத் தோட்டத்துக் கங்காணியோடு மலையேற வேண்டும். அமிர்தவள்ளியின் நாத்தனார் அப்படிக் கைக்குழந்தையோடு போனவள். குளிர்க் காய்ச்சலில் அதை அங்கேயே புதைத்துவிட்டுத் தனியாகத் திரும்பினாள்.

"ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோன்னு சும்மாவா சொன்னாங்க? கைய ஓட்டுடி!" என்றாள் சவுரியம்மாள்.

பட்டை காய்ந்து சுருண்டதும் கட்டுக் கட்டி வாடகை வண்டியில் ஏற்றினார்கள். முதல் வண்டி மாட்டுக்குக் கொம்பில் ஆவாரம்பூ சுற்றுவதும், கூட வந்தவர்களுக்குக் கிடங்கு வாசலில் வெல்லம் கொடுப்பதும் வழக்கம். ஏரிக்கரை மேட்டில் அந்தப் பக்கத்துக் கும்பலின் வண்டி திணறிக்கொண்டிருந்தது. இருவரும் தங்கள் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளியே அதை முந்திவிட்டார்கள். அமிர்தவள்ளி இடுப்புக் குழந்தை குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

கிடங்கு வாசலில் ஒரே கூட்டம்.

"நமக்குத்தான்டி!" சவுரியம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முந்தானையை உதறிக் கட்டிக்கொண்டு முன்னால் ஓடினாள்.

கூட்டத்தில் யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கூலிகள் வண்டி வண்டியாகச் சணல் சாக்கு மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லார் வாயிலும் வெல்லம். சத்தார் கையிலிருந்த தாம்பாளம் காலியாக இருந்தது.

"நாங்கதானே பாய் மொதல் வண்டி?"

"மொதல் வண்டி காலைலயே ரயிலடியிலேர்ந்து வந்துட்ச்சும்மா. கப்பல்ல வந்த சீமைப் பட்டை. சாறு ஜாஸ்தி, தோலு சீக்கிரம் பதமாவுது. இனிமே இதுதான்னு முதலாளி சொல்ட்டாரு." சத்தார் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"எங்களுக்குத்தான்னு வாக்குக் குடுத்தீங்களே!"

"நான் இன்னாம்மா பண்றது? சரி, கொண்டாந்தத இறக்கு. இந்த ஒரு வண்டிக்குக் காசு வாங்கித் தர்றேன். ஷெட்டுக்குள்ள கொண்டுபோய்ப் பரப்பு. மழையில தரை ஓதமா கீது, மேல அடுக்குற சீமை மூட்டை நனையக் கூடாது."

சவுரியம்மாள் கட்டுகளை அவிழ்த்துப் போட்டாள். அமிர்தவள்ளி குழந்தையை இடுக்கியபடி ஒற்றைக் கையால் பரப்பினாள். பாதித் தரை கூட மூடவில்லை.

"தள்ளும்மா, தள்ளு!" என்று வெல்லம் மென்றபடி வந்த கூலி முதல் மூட்டையைப் பட்டைமேல் போட்டான். ஆவாரம்பட்டை சடசடவென்று முறிந்தது.