டெஸ்க்டாப் கட்சிக்காரன்

லேப்டாப்பில் கேம் ஆடுகிறவனைக் கேமர் என்று அழைப்பது, டவுன் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவனை டிரைவர் என்று அழைப்பதற்குச் சமம். 2008ஆம் ஆண்டு, தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பு, கல்லூரி கேண்டீனில் பாதி கடித்த பஜ்ஜியோடு ராஜபாண்டி இதை அறிவித்தான். யாரும் சிரிக்கவில்லை. அவன் பேச்சைக் கேட்டு அந்த வருஷம் மட்டும் நான்கு பேர் டெஸ்க்டாப் வாங்கியிருந்தார்கள். அவன் வீட்டிலும் ஒன்று, அவனே பார்ட் பார்ட்டாகத் தேர்ந்தெடுத்தது, கல்யாண மாப்பிள்ளை மாதிரி மேஜைமேல் வீற்றிருந்தது.

அன்று ஆலோசனை கேட்டவன் ஜனகராஜ், புடவைக் கடைக்காரர் மகன்.

"ரெண்டுல எத வாங்கலாம் மாப்ள?"

"லேப்டாப்பு நோஞ்சான்டா. அரை மணி நேரம் ஆடுனா மூச்சு வாங்கும். ஒரு பார்ட் போச்சுன்னா அம்புட்டும் போச்சு. டெஸ்க்டாப்ப கழட்டலாம், மாட்டலாம், ஒம் பேரன் வரைக்கும் ஓடும்."

"கரண்ட் போச்சுன்னா?"

ராஜபாண்டி அவனைப் பரிதாபமாகப் பார்த்தான். "எங்கப்பா ஈபி மாப்ள. கரண்ட்டு எங்க வீட்டக் கேட்டுட்டுத்தான் போகும்."

"எங்கப்பா ஈபி இல்லையே" என்றான் ஜனகராஜ்.

அது உண்மைதான். தவிர, பதினோரு பேர் இருக்கும் அவன் வீட்டில் மேஜை போட இடமும் இல்லை. கேமிங் லேப்டாப் ஒன்றை வாங்கிவிட்டான். அன்றிலிருந்து ராஜபாண்டி அதை டிபன் பாக்ஸ் என்றுதான் அழைத்தான். "தொறந்துட்டியா? இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று வகுப்பே கேட்கும்படி விசாரிப்பான்.

ராஜபாண்டியின் அப்பா முத்திருளன் வண்டியூர்ப் பக்கம் சப்-ஸ்டேஷனில் வேலை பார்த்தார். ஊரெல்லாம் தினசரி மின்வெட்டு இருந்த சமயம் அது; எந்த லைனுக்கு எந்த இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை என்று மேலிருந்து தாள் வரும். அதன்படி நிறுத்துவது அவர் கைதான். அவர்கள் தெருவுக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு. அந்நேரம் ராஜபாண்டி கல்லூரியில் இருப்பான். ஆகவே, ஈபிக்காரர் வீட்டில் கரண்ட் போகாது என்று தெருவில் பேசிக்கொண்டதை அவனும் நம்பிவிட்டான்.

அப்போதுதான் கார் ரேஸ் போட்டி வந்தது. கல்லூரி மாணவர்களுக்கு மட்டும். சனிக்கிழமை மதியம் இரண்டரைக்கு நெட்டில் முதல் சுற்று, அரை மணி நேர ரேஸ். முதல் எட்டு பேர் சென்னைக்குப் போகலாம். ராஜபாண்டி இறுதியாண்டு. அடுத்த வருஷம் என்று ஒன்று அவனுக்குக் கிடையாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முத்திருளன் சாப்பிட உட்கார்ந்தபடியே சொன்னார். "நாளையிலேருந்து டயம் மாறுதுடா. நம்ம லைனு ரெண்டுலேருந்து நாலு."

"அப்பா, ரெண்டரைக்கு எனக்குப் போட்டிப்பா."

"நல்லா ஆடு."

"கரண்ட் இல்லாம எப்புடிப்பா ஆடுறது?"

"ஊரே என்னைய அதைத்தான் கேக்குது."

"நாளைக்கு ஒரு நா மட்டும் மூணு மணிக்கு நிப்பாட்டுங்கப்பா."

முத்திருளன் சோறு பிசைவதை நிறுத்தினார். "இந்த லைன்ல ரைஸ் மில்லு ஒண்ணு, மாவு மில்லு ரெண்டு இருக்கு. டயத்தப் பாத்துத்தான் வேலைய வச்சிருக்காங்க. எம் மகன் கார் ஓட்டணும்னு தள்ளி வச்சேன்னு சொல்லவா? அதுவும் நெசக் காரு இல்ல."

சனிக்கிழமை ஒன்றரைக்கு ஜனகராஜ் வேடிக்கை பார்க்க வந்தான், தோளில் லேப்டாப் பையோடு. ராஜபாண்டி பையைக் கண்டுகொள்ளவில்லை. பெற்ற மனம் கடைசி நேரத்தில் இளகும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சரியாக இரண்டுக்கு ஃபேன் நின்றது. யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது.

பக்கத்து வீட்டு ஒச்சம்மாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தாள். "ஏ ராஜபாண்டி! ஒங்கப்பனுக்குப் போனப் போடுய்யா, கிரைண்டர்ல மாவு பாதியில நிக்கிது!"

போட்டான். "அப்பா..."

"போயிருச்சா?"

"போயிருச்சுப்பா."

"கரெக்ட்டா ரெண்டு மணிக்கா?"

"ஆமா."

"அப்பச் சரி" என்று வைத்துவிட்டார்.

யூபிஎஸ் பதினைந்து நிமிஷம் தாங்கும். ரேஸ் முப்பது நிமிஷம். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் பாதி ரோட்டில் கார் நின்றது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, அணைத்த திரையின் முன்னாலேயே ராஜபாண்டி உட்கார்ந்திருந்தான். இரண்டு பத்து ஆயிற்று. இரண்டு இருபது ஆயிற்று.

"இதுல பேட்டரி ஒன்ற மணி நேரம் வரும் மாப்ள" என்றான் ஜனகராஜ். "அதே கேம் இருக்கு. ஒம் பேரப் போட்டு உள்ள போ. மோடத்த மட்டும் யூபிஎஸ்ல விட்டா நெட்டு நிக்கும்."

"வேணாம்."

ஜனகராஜ் ஒரு வார்த்தை கிண்டல் செய்திருந்தால் போதும், ராஜபாண்டி ரோஷத்தோடு தோற்றுப்போயிருப்பான். அந்தப் பாவி லேப்டாப்பைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, காலண்டரில் ராசிபலன் படிக்கப் போய்விட்டான்.

இரண்டு இருபத்தைந்துக்கு ராஜபாண்டி எழுந்தான். மேஜைக்கு அடியில் புகுந்து, யூபிஎஸ்ஸிலிருந்து தன் டெஸ்க்டாப்பின் வயரைத் தன் கையாலேயே பிடுங்கினான். மோடத்தின் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் தலையணையை வைத்து, அதன்மேல் லேப்டாப்பைத் திறந்தான்.

"மாப்ள."

"என்னடா?"

"அந்த வாசக்கதவச் சாத்து."