அப்டேட் அமுக்கிச் செத்த பெட்டி

1.
இந்தக் கதையை ரெம்பாவ் பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் எனக்குச் சொன்னார்.

அடக் கடவுளே, முதல் வரியே பொய்! யாரும் சொல்லவில்லை. நானே அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வரியை அடிக்காமல் விட்டிருக்கிறேன். ஏன் பொய் சொன்னேன் என்பது போகப் போகத் தெரியும்.

2.
ஹேமநாதன் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருக்கிறான். அவன் மேசைமேல் மாலை வெயில் மெல்ல... (வேண்டாம், வெயிலுக்கு இங்கே வேலையில்லை.)

கார்களின் கணினிப் பெட்டிகளைப் படித்துத் திருத்தி எழுத ஒரு கருவி உண்டு. அதன் மலிவு நகல்கள் சீனாவிலிருந்து வரும், வந்த வேகத்தில் சாகும். ஹேமநாதன் சில்லை மாற்றி, பூட்டிக் கிடக்கும் வேலைகளையும் திறந்துவிட்டு உயிர் கொடுப்பான். திருப்பித் தரும்போது இரண்டே பேச்சு: நெட்டில் மாட்டி அப்டேட் அமுக்காதே, பெட்டி செத்துப்போகும். எதையும் எழுதுமுன் பழையதைப் படித்து, கார் நம்பர் போட்டுச் சேமித்து வை.

தம்பின் ஊரில் கார்ப் பட்டறை வைத்திருக்கும் குணாளன் முதலாவதைக் காற்றில் விட்டான், இரண்டாவதை அட்சரம் பிசகாமல் கேட்டான். அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் நான் இன்று நிம்மதியாகத் தூங்குவேன்.

3.
என் புதுக் காருக்கு இன்னொரு சாவி போடத்தான் அன்று மத்தியானம் போனேன். குணாளனின் செத்த பெட்டிக்கு அப்போதுதான் உயிர் வந்தது. சேமித்த கோப்புகள் திரையில் வரிசையாக ஓடின. ஹேமநாதன் விரல் ஒன்றில் நின்றது.

"அண்ணே, இது ரதி காடி நம்பர்லா!"

ரதி அவன் தங்கை. நீலாய் தொழிற்சாலைக்குத் தினமும் அந்தக் காரில்தான் போய்வருகிறாள். அடிபடாத கார் என்று குணாளன் சத்தியம் பண்ணி விற்றது.

கோப்பைத் திறந்தான். கார் மோதியிருக்கிறது, ஏர்பேக் வெடித்திருக்கிறது என்றது பழைய பதிவு. அதே நம்பரில் அடுத்த கோப்பு: ஒன்றுமே நடக்காத சுத்தமான கார்.

குணாளனுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டான்.

"ஏர்பேக் புதுசா மாத்துனியாடா?"

"புதுசு என்னா வெல தெரியுமா? ரெசிஸ்டர் போட்டு விட்டேன்லா. ஏர்பேக் லைட் அணஞ்சிருச்சே! மோதுன பதிவ அழிக்கிற வேலைய தொறந்து குடுத்ததே நீதானே?"

பை இருக்கிறது என்று காரை நம்பவைக்கும் ஒரு சின்னத் துண்டு, அவ்வளவுதான் ரெசிஸ்டர். ரதியின் ஸ்டியரிங்குக்குள் பை இல்லை. ஹேமநாதன் பிடித்திருந்த, ஈயம் பற்றவைக்கும் சூடான கோல் கைநழுவி மேசையைக் கருக்கியது. அவனும் பார்க்கவில்லை, நானும் எடுத்து வைக்கவில்லை.

[இந்த இடத்தில் குணாளனைக் கரித்துக்கொட்டி ஒரு பத்தி எழுதினேன். எடுத்துவிட்டேன். எனக்கு அந்த யோக்கியதை இல்லை.]

4.
முடிவு ஒன்று: ரதி போனை எடுக்கிறாள், காரை ஓரங்கட்டுகிறாள்.

முடிவு இரண்டு: மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, அவள்

இல்லை, கை வரவில்லை.

சரி, மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்த நம்பரை அவனுக்கு முன்பே நான் கண்டுகொண்டேன். தூக்கிவாரிப்போட்டது. அது என் பழைய கார். ரெம்பாவ் சாலையில் மரத்தில் மோதினேன், பை முகத்தில் வெடித்தது, அதனால்தான் பிழைத்தேன். நொறுங்கிய காரை அப்படியே குணாளன் தலையில் கட்டினேன். "நான் சரி பண்ணிக்கிறேன்லா அண்ணே" என்றான். எப்படி என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஷிப்ட் முடிந்து அவள் கிளம்பியிருக்கும் நேரம். ஹேமநாதன் ரதிக்குப் போன் போட்டுக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்தான்.

"அண்ணே, இது யாரு காடியாண்ணே இருந்திருக்கும்?"

"எனக்கு என்னாப்பா தெரியும்?" என்றேன்.

இதற்குமேல் நடந்ததை எழுத எனக்குத் தெம்பில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது அவளைக் காரை நிறுத்தச் சொல்லுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.