பேயைப் பார்க்காதவள்

எங்கள் பிஸ்கட் கம்பெனியில் ஒரு விதி உண்டு. வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடத்துக்குள் பேயைப் பார்க்காதவர் வேலைக்கே வரவில்லை என்று கருதப்படுவார். எனக்குப் புதன்கிழமையோடு மூன்று வருடம் முடிய இருந்தது. செவ்வாய் வந்துவிட்டது.

பேக்கிங் பிரிவில் மற்ற எல்லோரும் பார்த்துவிட்டார்கள். காலை பதினோரு மணிக்கு டீ வரும். டீயோடு பேய்க் கதையும் வரும். லூர்து அக்காவின் தலைத்தொப்பியைப் பேய் எடுத்துப்போய், துவைத்து, மடித்துத் திருப்பி வைத்துவிட்டது. மைமூன் உடை மாற்றும் அறையில் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு குரல் மணி என்ன என்று கேட்டது. மைமூன் சரியான மணியைச் சொல்லிவிட்டுத்தான் ஓடினாள். எட்டு பிஸ்கட் போட்ட பாக்கெட்டில் ஒன்பது இருந்த கதையும் உண்டு. கேட்டவர்கள் நடுங்குவார்கள், பிறகு சிரிப்பார்கள், இன்னொரு டீ கேட்பார்கள். எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. டம்ளரின் அடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒருமுறை பொய் சொல்லிப் பார்த்தேன். வெள்ளைப் புடவை கட்டி, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு பேய் வந்ததாகச் சொன்னேன். யாரும் நடுங்கவில்லை.

"தலைய விரிச்சுப் போட்டுக்கினு யாரையும் உள்ள வுட மாட்டாங்க பவளம். தொப்பி போடணும்" என்றார் லூர்து அக்கா.

செவ்வாய் மதியம் பத்மநாபன் சார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். பணியாளர் பதிவெல்லாம் அவர் பொறுப்பு. முப்பது வருடம் ஒரே மேஜையில் உட்கார்ந்ததில் அவருடைய வலது கை இழுப்பறையாகிவிட்டது. முழங்கைக்குக் கீழே கைப்பிடி இருக்கும். அதை இடது கையால் இழுத்து ஒரு படிவத்தை எடுத்தார்.

"வலிக்குமா சார்?"

"எண்ணெய் போட்டுக்கிட்டா வலிக்காது."

படிவத்தில் பவளக்கொடி என்று என் பெயர் பென்சிலால் எழுதியிருந்தது. நாளை பதினோரு மணிக்கு நான் ஒரு கதை சொல்ல வேண்டும். கேட்பவர்களில் ஒருவராவது பயத்தில் டீயைச் சிந்த வேண்டும். சிந்தினால் பெயரின் மேல் பேனாவால் எழுதுவாராம். சிந்தாவிட்டால் அழித்துவிடுவாராம். அழிப்பான் எங்கே என்று கேட்டேன். அதுவும் அதே இழுப்பறையில்தான் இருந்தது.

மைதா குடோனில் பேய் இருப்பதாகச் சொல்வார்கள். அடுப்புகளைத் தாண்டி ஒரு நடைவழி போகும். அதன் கடைசியில் குடோன். நான் மூன்று முறை அங்கே போகப் பார்த்திருக்கிறேன். பேயைத் தேடிப் போகிறவர்களுக்கு அந்த நடை நீண்டுகொண்டே போகும். பயந்து ஓடுகிறவர்களுக்குச் சுருங்கிவிடும். இதை மைமூனிடம் சொல்லி அழுதேன். அவள் யோசித்தாள். குடோனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பேக்கிங் பிரிவைப் பார்த்துப் பயந்தபடி பின்புறமாகவே நடந்து போகச் சொன்னாள்.

அப்படியே செய்தேன். நாலாவது எட்டில் முதுகில் குடோன் கதவு இடித்தது.

உள்ளே மைதா மூட்டைகளுக்கு நடுவில் ஓர் அம்மா இருந்தார். ஐம்பது வயது இருக்கும். எங்களைப் போலவே நீலச் சீருடை, தொப்பி. கால்கள் தரையில் படவில்லை. ஒரு சாண் உயரத்தில் நின்றிருந்தார்.

"கதவச் சாத்தும்மா. அது வந்துரும்" என்றார்.

"எது வரும்க்கா?"

"பேக்கிங்ல ஒண்ணு இருக்கே. அதான்."

அவர் பெயர் தனபாக்கியம். பத்தொன்பது வருடமாக இங்கேயே இருக்கிறாராம். தினமும் பதினோரு மணிக்குச் சுவரில் காதை வைத்து எங்கள் கதைகளைக் கேட்பாராம். கேட்டுவிட்டு நாள் முழுக்க நடுங்கிக்கொண்டிருப்பாராம். கேட்காமலும் இருக்க முடியவில்லையாம்.

லூர்து அக்காவின் தொப்பியைத் துவைத்தது யார் என்று கேட்டேன். தான்தான் என்றார், அழுக்காக இருந்ததாம். மைமூனிடம் மணி கேட்டதும் அவர்தான். பாக்கெட்டில் ஒன்பதாவது பிஸ்கட் வைத்ததும் அவர்தான். அந்தப் பாக்கெட்டைப் பார்க்கப் பாவமாக இருந்ததாம்.

"அப்ப அந்தப் பேய்…" என்று ஆரம்பித்தேன்.

"பேர் சொல்லாத. காதுல வுழுந்தா வந்துரும்" என்றார்.

அதற்கு மேல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டீ குடிக்கிறீர்களா என்று கேட்டேன். குடித்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது, டீ நேரத்தில் தனியாக அங்கே வரப் பயம் என்றார். நாளை நானே வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போவதாகச் சொன்னேன். அவர் முகம் அப்படி மலர்ந்ததில் குடோனுக்குள் வெளிச்சம் கூடியது. நான் மின்சார மீட்டரைப் பார்த்தேன். அது ஓடவில்லை.

புதன்கிழமை இருவரும் பேக்கிங் பிரிவுக்கு வந்தோம். அவருக்கு இருந்த பயத்தில் நடை மூன்றே எட்டாகிவிட்டது. எல்லோரும் நகர்ந்து பெஞ்சில் இடம் கொடுத்தார்கள். மைமூன் ஒரு டம்ளரை நீட்டினாள். தனபாக்கியம் அக்கா முதல் வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

பத்மநாபன் சார் அழிப்பானோடு எதிரே உட்கார்ந்தார்.

நான் கதையை ஆரம்பித்தேன். பின்புறமாக நடந்ததைச் சொன்னேன். லூர்து அக்கா சிரித்தார். மைதா மூட்டைகளைச் சொன்னேன். மைமூன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். எல்லோர் முகத்திலும் சந்தோஷம்தான் தெரிந்தது. ஒரு டம்ளர்கூட அசையவில்லை. பத்மநாபன் சார் படிவத்தைப் பக்கத்தில் விரித்து, பென்சில் எழுத்தின் மேல் அழிப்பானை வைத்தார். பவளக்கொடியில் முதல் எழுத்து போனது. என் இடது காது கேட்காமல் போனது.

"அங்க ஒரு அம்மா நின்னுக்கினு இருந்தாங்க. அவங்க காலு தரையில படல" என்றேன்.

எனக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் கடகடவென்று ஆடியது. டீ முழுவதும் பத்மநாபன் சாரின் பேன்ட்டில் கொட்டியது.

"தரையில படலயா?" என்றார் தனபாக்கியம் அக்கா. அவர் முகம் வெளுத்துவிட்டது.

நாங்கள் எல்லோரும் அவர் கால்களைப் பார்த்தோம். அவை பெஞ்சுக்குக் கீழே, தரைக்கு ஒரு சாண் மேலே, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருந்தன. லூர்து அக்கா நகர்ந்து வந்து அவர் தோளைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டார்.

"பயப்படாதக்கா. இத்தினி பேரு இருக்கோம்ல."

பத்மநாபன் சார் பேன்ட்டை உதறிவிட்டுப் பேனாவை எடுத்தார். பவளக்கொடி என்று அழுத்தி எழுதினார். அவர் எழுதும் சத்தம் எனக்கு இரண்டு காதிலும் கேட்டது. படிவத்தைக் கை இழுப்பறைக்குள் போட்டுச் சாத்திவிட்டு, அங்கேயே உட்கார்ந்து இன்னொரு டீ கேட்டார்.

வேலை மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. தனபாக்கியம் அக்கா என் கையை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கண்களில் பயம் அப்படியே இருந்தது. உதட்டில் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

"மெதுவா சொல்லு" என்றார். "அப்பறம் அது இன்னா பண்ணுச்சு?"