திரைக்குள் நின்ற துரியோதனன்

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. கூத்தில் கட்டியக்காரனுக்கு வாய்தானே பிழைப்பு? மற்ற நேரத்தில் காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். கூத்து நாளில் முகத்தில் புள்ளி வைத்துக்கொண்டு களத்தில் இறங்கி, வருகிற ராஜாக்களையெல்லாம் கேள்வி கேட்டு ஜனங்களைச் சிரிக்க வைப்பேன். முசரவாக்கம் வீராசாமி என்றால் சுற்றுவட்டாரத்தில் தெரியும். மாசி பிறந்துவிட்டால் ஆடி முடிகிற வரை எங்கள் கூத்து ஜமாவிடம் தேதி வாங்குவது குதிரைக்கொம்பு. அப்படிப்பட்ட ஜமாவுக்கு ஒரு விருது வந்தது. வந்த நாளிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல்தான்.

கொடுப்பது டவுனில் இருக்கும் ஒரு பண்பாட்டுப் பேரவை. 'பாரம்பரியக் காவலர்' என்று பட்டம், பட்டுப் பொன்னாடை, ஷீல்டு. பேரவைச் செயலாளர் பாண்டியன் அழைப்பிதழைக் கொண்டுவந்து காசிநாதன் மாமா கையில் கொடுத்தார். மாமா என் அக்கா லோகாம்பாளின் வீட்டுக்காரர், எங்கள் ஜமாவுக்கு வாத்தியார். அவர் துரியோதனன் வேஷம் கட்டி நின்றால் குழந்தைகள் அழும். அழைப்பிதழில் மாமா பேர் இருந்தது. என் பேர், மத்தளக்காரர் பேர், தாளம் போடும் விமல்ராஜ் பேர்கூட இருந்தது. குட்டி நாதஸ்வரம் மாதிரியான முகவீணையை ஊதும் ஜான்சன் பேர் மட்டும் இல்லை.

"இன்னா சார், ஜான்சன வுட்டுட்டீங்க?" என்றேன்.

பாண்டியன் குரலைத் தாழ்த்தினார். "தப்பா எடுத்துக்காதீங்கப்பா. பாரதக் கூத்துக்குன்னு குடுக்குற விருது. அதுல கிறிஸ்தவப் பேரு இருந்தா விழாவ நடத்தறவங்க ஒரு மாதிரி பாப்பாங்க. வேணும்னா ஜானகிராமன்னு போட்டுடலாம்."

ஜான்சன் அங்கேயேதான் நின்றிருந்தான். "அப்ப அந்த ஜானகிராமனையே வந்து ஊதச் சொல்லுங்க சார்," என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினான்.

ஜான்சனும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவன் வீடுகளுக்கு வயரிங் வேலை பார்க்கிறான். எங்கள் கூத்தில் வேஷக்காரன் சும்மா நடந்து களத்துக்குள் வந்துவிட முடியாது. இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பார்கள், வேஷம் அதற்குள் நிற்கும். முகவீணை ஊதினால்தான் திரை விலகும், ராஜா வெளியே வருவார். அதாவது ஜான்சன் மூச்சு விட்டால்தான் துரியோதனனுக்கு உயிர். அவன் பேரைத்தான் விட்டுவிட்டார்கள்.

சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என் பொண்ணு ஜோதிகா இன்விடேஷன வாட்ஸ்அப்ல பாத்துட்டு, 'உன் பேரு எங்கப்பா'ன்னு கேக்குது. நான் இன்னாடா சொல்றது?" என்றான். "இந்த வருஷம் படுகளத்துக்கு நான் வர்ல. வேற ஆள பாத்துக்குங்க."

படுகளம் என்பது எங்கள் திரௌபதி அம்மன் திருவிழாவின் கடைசிக் கூத்து, துரியோதனன் விழுகிற நாள். அன்றைக்கு வராதவன் அப்புறம் எந்தக் கூத்துக்கும் வர மாட்டான்.

நேராக மாமாவிடம் போய், விருது வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். மாமா நிதானமாகச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"வாங்கிக்கலாம்," என்றார்.

"பொன்னாடைக்கு ஆசப்பட்டு கூட்டாளிய கைவுட்டுட்டியா மாமா? த்தூ, வெக்கமா இல்ல?"

"வாய அடக்குடா," என்று அக்கா கரண்டியை ஓங்கினாள். மாமா மிச்சச் சோற்றையும் சாப்பிட்டு முடித்தார். கையைக் கழுவிவிட்டுப் பாண்டியனுக்கு போன் போட்டார். வேஷத்தோடு வருவதாகவும், எங்கள் முறைப்படி மேடையில் திரை பிடிக்க இடம் வேண்டும் என்றும் மட்டும் சொன்னார். பாண்டியனுக்கு ஏக சந்தோஷம். போட்டோ நன்றாக வரும் என்றாராம்.

அதோடு விட்டாரா? தோளில் வைக்கிற புஜக்கட்டையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக் கட்ட வேறு ஆளில்லை, நீ வந்து கட்டிவிட்டுப் போ என்று ஜான்சனையே கூப்பிட்டார். விருதில் பேர் இல்லாதவனை வேலைக்கு மட்டும் கூப்பிடுகிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமாவிடம் பேசுவதையே நிறுத்திவிட்டேன்.

விழா டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில். சுற்றுக் கிராமங்களிலிருந்து ஜனங்கள் வேன் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். மணமகன் அறையில் மாமாவுக்கு வேஷம் நடந்தது. ஜான்சன் வந்தான். யார் முகத்தையும் பார்க்காமல் மாமாவின் தோளில் புஜக்கட்டையை வைத்துக் கயிற்றை இழுத்தான். அந்த இழுப்பில் மாமா ஒரு அடி பின்னால் போனார். ஆனாலும் முனகவில்லை.

"கட்டியாச்சு வாத்தியாரே. நான் கெளம்பறேன்."

"போவாத. அவுக்கணும் இல்ல," என்றார் மாமா. "பொட்டிய பாத்துக்கினு இரு." வேஷப் பெட்டிக்குள்தான் முகவீணையும் இருந்தது. ஜான்சன் வேண்டாவெறுப்பாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மேடை ஓரப் படியில் உட்கார்ந்தான்.

மேடையில் நானும் விமல்ராஜும் திரையைப் பிடித்தோம். மாமா அதற்குள் வந்து நின்றார். விழாவைத் தொகுத்து வழங்கிய அபிநயா என்ற பெண், "பாரம்பரியக் காவலர் காசிநாதன் அவர்களை அழைக்கிறோம்" என்றாள். கூட்டம் கை தட்டியது. சிறப்பு விருந்தினராக வந்திருந்த அம்மா பொன்னாடையைப் பிரித்துக்கொண்டு எழுந்து நின்றார். மாமா வரவில்லை. அபிநயா மறுபடியும் அழைத்தாள். திரைக்குக் கீழே தெரிந்த சலங்கைக் கால்கள் அசையவே இல்லை.

பாண்டியன் ஓடிவந்தார். "இன்னாபா இது? வெளிய வரச் சொல்லு."

திரைக்குள்ளிருந்து மாமாவின் குரல் வந்தது. "ஊதுனா வரேன்."

அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. இத்தனை நாள் யாரைத் திட்டிக்கொண்டிருந்தேன் நான். உடனே எனக்குள் இருந்த கட்டியக்காரன் எழுந்துகொண்டான். மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

"பெரியோர்களே, திரைக்குள்ள நிக்கிறது துரியோதன மகாராஜா. முகவீணை ஊதாம அவரு வெளிய வரமாட்டாரு. மழை கொட்டினாலும் வரமாட்டாரு. இதான் எங்க முற."

"ஒரு போட்டோக்குத்தானேப்பா," என்று பாண்டியன் பல்லைக் கடித்தார். கிராமத்து ஜனங்களுக்கு முறை தெரியும். "ஊதச் சொல்லுபா" என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னார். அப்புறம் மண்டபமே சொன்னது. விருந்தினர் அம்மா பாண்டியனைப் பார்த்து, "ஊதறவர் எங்கே? கூப்பிடுங்க" என்றார். பாண்டியன் மேடை ஓரப் படிப் பக்கம் பார்த்தார்.

ஜான்சன் படியிலேயே உட்கார்ந்திருந்தான். "டேய், வாடா," என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். அவன் எழுந்து வெளியே போய்விட்டால் எல்லாம் முடிந்தது. பிடிவாதத்தில் அவன் மாமாவுக்குச் சளைத்தவன் இல்லை.

மாமா மெதுவாகச் சொன்னார். "நீ ஊதற வரைக்கும் இங்கயேதான்டா நிப்பேன். விடிஞ்சாலும் சரி."

ஜான்சன் பெட்டியைத் திறந்தான். முகவீணையின் ஊதுவாயில் செருகுகிற சீவாளியை வாயில் வைத்து ஈரப்படுத்தினான். அவன் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். முகவீணை கிளம்பியது. அந்தக் கீச்சுக் குரலில் மண்டபமே நிமிர்ந்து உட்கார்ந்தது. நாங்கள் திரையை விலக்க, மாமா மேடைப் பலகை அதிரச் சுற்றி ஆடி வந்து நின்றார்.

வந்த ராஜாவைக் கேள்வி கேட்பது கட்டியக்காரன் கடமை. "மகாராஜாவே, தாங்கள் யார்? யார் அழைத்து இந்தச் சபைக்கு வந்தீர்?"

மாமா மீசையை முறுக்கினார். "அத்தினாபுரி ஆளும் துரியோதனன் நான். முசரவாக்கம் டேனியல் மகன் ஜான்சன் ஊதி அழைத்தான், அதனால் வந்தேன். அவன் அழைக்காவிட்டால் எந்தச் சபைக்கும் வரமாட்டேன்."

ஜனங்கள் விசில் அடித்தார்கள். விருந்தினர் அம்மா பொன்னாடையோடு மாமாவிடம் வந்தார். புஜக்கட்டை இறக்கை மாதிரி விரிந்திருக்கிற தோளில் எதைப் போர்த்த? "ராஜா தோள்ல எடமில்லம்மா. அவனுக்குப் போத்துங்க," என்றார் மாமா. அந்த அம்மா சிரித்துக்கொண்டே போய் ஜான்சனுக்குப் போர்த்தினார். அபிநயா மைக்கை அவனிடம் நீட்டி, "உங்க பேரு சார்?" என்று கேட்டாள்.

"ஜான்சன்," என்றான் அவன். குரல் உடையவில்லை. "அப்பா பேரு டேனியல். அவரும் இதேதான் ஊதினாரு." பாண்டியனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விழா முடிந்து, மணமகன் அறையில் ஜான்சன் மாமாவின் முடிச்சுகளை அவிழ்த்தான். தோளில் கயிறு பதிந்த இடமெல்லாம் சிவந்து கன்றிப்போயிருந்தது. அதைப் பார்த்து அவன் விரல் நின்றது.

"ரொம்ப இறுக்கிட்டனா வாத்தியாரே?"

"கோவத்துல கட்டுன இல்ல, அப்படித்தான் இருக்கும்," என்றார் மாமா.

ஜான்சன் அந்த இடத்தை உள்ளங்கையால் தேய்த்துவிட்டான். பிறகு கயிற்றைச் சுருட்டிப் பெட்டியில் வைத்தான்.

"படுகளத்துக்குப் பாத்து கட்டறேன்," என்றான்.